கல்லச்சும் காப்பிக் கெண்டியும்

1885-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒல்லாந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள நூனன் என்னும் சிற்றூரில், சீர்திருத்தச் சபைப் போதகர் ஒருவரின் மகன் அச்சுக்கல்லின்மேல் ஒரு படம் வரைந்தார். தந்தை மரித்து ஒரு மாதங்கூட நிறைந்திருக்கவில்லை. தொங்கும் விளக்கின்கீழ் ஐவர் மேசையைச் சூழ்ந்திருந்து ஒரே தட்டிலிருந்து உருளைக்கிழங்கு உண்கின்றனர். ஒருத்தி கெண்டியிலிருந்து காப்பி வார்க்கின்றாள். ஐந்தோவன் நகரில் கெஸ்டல் என்பாரின் அச்சகத்தில் அக்கல்லிலிருந்து ஏறத்தாழ 20 படிகள் எடுக்கப்பட்டன. வரைந்தவர் வின்சென்ட் வான் கோ. அதன்பின் அவர் முடித்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் எண்ணெய் ஓவியத்தை உலகம் அறியும். கல்லச்சுப் படத்தை அவ்வளவாக எவரும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும் உழைப்பாளரைக் காட்டும் படங்களைக் குறித்துச் சிந்திக்க விரும்பும் நமக்கு, அந்தச் சிறிய அச்சுப்படமே அதிகம் கற்பிக்கக்கூடியது என்பது என் துணிபு. உழைப்பைக் காட்டும் படம் எதுவும் வேறு பலருடைய உழைப்பினாலே உண்டாகின்றது. அவர்கள் படத்துக்குள் தெரிவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒல்லாந்தின் படங்களில் அவர்களைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலாற்றங்கரையில் ஊழியஞ்செய்வோருக்கு ஒல்லாந்து என்ன உறவு என்று கேட்கலாம். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் தோற்றுவித்த ஆற்காடு மிஷன் அமெரிக்க மிஷன் என்றே நமக்குப் பழக்கமானது. ஆனால் அதை அனுப்பிய சபையின் பெயரில் 1867 வரையிலும் ‘ஒல்லாந்து’ என்னும் சொல் இருந்தது. நியூயார்க்கில் குடியேறிய ஒல்லாந்தர் நட்ட சபை அது. வான் கோ பிறந்ததும் அதே 1853-ஆம் ஆண்டில்தான். அவருடைய தந்தை பிரசங்கித்த சபையும், வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் ஸ்கடர் குடும்பத்தாரை அனுப்பிய சபையும் ஒரே மரத்தின் இரு கிளைகள். உழைப்பு, சிக்கனம், தேவபக்தி ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று ஆராய்வோர் அந்த மரத்தின் வேர்ப்பக்கம் போகவேண்டும்.

முதலாவது, கல். கல்லச்சுக்குச் செதுக்குதல் இல்லை. மெருகேற்றிய சுண்ணாம்புக் கல்லின்மேல் நெய்ப்புள்ள கரிக்கோலால் வரைவார்கள். பின்பு கல்லை நனைத்து மை உருட்டினால், நெய்ப்புள்ள இடம் மையைப் பற்றும், ஈரமுள்ள இடம் தள்ளும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். ஆனால் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறி இறங்கும். கைதேர்ந்தவர்கள் இதை எண்ணி முன்னமே மாற்றி வரைவார்கள். வான் கோ நினைவிலிருந்து ஒரே நாளில் நேராகக் கல்லில் வரைந்தார், மாற்றவில்லை. ஆகவே ஓவியத்தில் வலக்கையால் முள்கரண்டியை நீட்டும் மனிதர் அச்சில் இடக்கையால் நீட்டுகின்றார். மேனாட்டுத் திறனாய்வாளர்கள் இதை ஒரு குறிப்பாகச் சொல்லிக் கடந்து விடுவார்கள். இடக்கையால் சோற்றைத் தொடாத நாட்டில் பிறந்த நாம் அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. ஏழைகளின் பந்தி அச்சேறும்போது கை மாறிப்போகின்றது; அதை மாற்றியது கல்.

இப்படத்தின் படி ஒன்றை வான் கோ தம் நண்பரும் ஓவியருமான அந்தோன் வான் ராப்பார்ட்டுக்கு அனுப்பினார். வந்த பதில் கடுமையானது. மில்லேயின் பெயரைச் சொல்லிக்கொண்டு இப்படி வரையலாமா என்பது அதன் சாரம். அவர் எடுத்துக் காட்டிய குற்றங்களுள் ஒன்று காப்பிக் கெண்டியைப் பற்றியது: அது மேசையின்மேல் நிற்கவுமில்லை, கையால் பிடிக்கப்பட்டிருக்கவுமில்லை என்றார். நட்பு அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ராப்பார்ட்டின் தொனி அன்புடையதன்று. ஆனால் கெண்டியைப் பற்றி அவர் கண்டது சரியே. படத்தில் எல்லாப் பொருளுக்கும் ஓர் ஆதாரம் இருக்கின்றது: கிழங்குக்கு மண்ணும் அதைத் தோண்டிய கையும், விளக்குக்கு உத்திரம். கெண்டிக்கு மாத்திரம் எதுவுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். இதற்குத் திரும்ப வரவேண்டியிருக்கும்.

வான் கோ கல்லச்சுக்கு வந்தது விளையாட்டாக அன்று. 1882-இல் தி ஹேக் நகரில் இருந்தபோதே அவர் சில கல்லச்சுகள் செய்திருந்தார். தலையைக் கைகளில் புதைத்து அமர்ந்திருக்கும் முதியவரின் படம் அவற்றுள் ஒன்று. அங்கே ஸ்முல்டர்ஸ் அச்சகத்துத் தொழிலாளர் அப்படிப்பட்ட ஒரு படத்தைத் தங்கள் சுவரில் மாட்டக் கேட்டனர் என்று அவர் தம் தம்பிக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். விதைப்பவன், மண்வெட்டுபவன், மரம் வெட்டுபவன், உழுபவன், துணி வெளுப்பவள் என 30 படங்கள் அச்சிட்டு, தொழிலாளர் வாங்கக்கூடிய விலைக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். அது நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் ‘கிராபிக்’ வார இதழின் 21 தொகுதிகளை வாங்கி, அவற்றிலுள்ள மரச்செதுக்குப் படங்களை வெட்டி ஒட்டி ஒழுங்குபடுத்தினார். ஏழைகளின் வரிசை, அனாதை விடுதி, சுரங்கத் தொழிலாளர் என்று பல காட்சிகளை அவர் அந்த இதழின் வழியாகவும் கண்டார்.

அந்த மரச்செதுக்குப் படங்களின் தொழிற்கூடத்தைச் சற்று நோக்குவோம். பெரிய படத்துக்குரிய மரக்கட்டை பல துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு செதுக்குபவரிடம் போகும். ஒருவர் வானத்தைச் செதுக்குவார், ஒருவர் உடையை. இரவெல்லாம் விளக்கொளியில் வேலை நடக்கும். காலையில் துண்டுகள் திருகாணியால் ஒன்றாக முடுக்கப்படும். பசியைக் காட்டும் படத்தில் பசித்தவரின் முகத்தை ஒருவரும், அவருடைய காலை மற்றொருவரும் செதுக்கியிருப்பர். வரைந்தவர் பெயர் இருக்கும். அச்சுக்கூடத்துத் தலைவர் பெயரும் சில வேளை இருக்கும். மற்றவர்கள் பெயர் இராது. ஷூ கம்பெனியில் ஒருத்தி நாக்குப் பகுதியை மட்டும் நாள் முழுதும் தைக்கிறாள், வேறொருத்தி ஓரத்தை மட்டும் மடிக்கிறாள் என்பதை ஆம்பூர் சபைகளில் ஊழியஞ்செய்வோர் அறிவர். அவர்களுக்கு இந்தத் தொழிற்கூடத்தை விளக்கவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. கல்லச்சில் மை தடவும் உருளை மரத்தால் ஆனது. அதன்மேல் கன்றுத்தோல் உறையிடப்படும். மயிர்ப்பக்கம் உள்ளே, சதைப்பக்கம் வெளியே. சதைப்பக்கத்தின் மெல்லிய பஞ்சுதான் மையைத் தாங்கும். தாளை அழுத்தும் கட்டையின் விளிம்பிலும் கொழுப்புத் தடவிய தோல் பட்டை உண்டு. எந்தப் பக்கத்தை எவ்வளவு சீவவேண்டும் என்று தெரிந்த ஒருவருடைய கை இல்லாமல் அந்தப் படங்களில் ஒன்றும் அச்சாகியிராது. ஐந்தோவன் அச்சகத்து உருளைத்தோல் நம் பகுதியிலிருந்து போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஓவிய வரலாறு எழுதுவோர் கல்லைச் சொல்வார்கள், மையைச் சொல்வார்கள், தாளைச் சொல்வார்கள், தோலைச் சொல்லமாட்டார்கள் என்பதையே சொல்கின்றேன்.

நம் பகுதித் தோல் ஐரோப்பாவின் புத்தகங்களுக்குள் போனது உண்மை. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையிலும், பின்னர் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகவும் இருப்புப்பாதை வந்தபின்பு, ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் சென்னைத் துறைமுகத்துக்கும் லண்டன் ஏலக்கூடத்துக்கும் சென்றன. அங்கே புத்தகக் கட்டுக்கு வாங்கப்பட்ட இந்திய ஆட்டுத்தோலுக்கு வியாபாரிகள் இட்ட பெயர் ‘பாரசீகத் தோல்’. பாரசீகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தோல் சில ஆண்டுகளில் சிவந்து பொடியாய் உதிர்வதைக் கண்டு, லண்டன் கலைச் சங்கத்தின் குழு 1905-இல் வெளியிட்ட அறிக்கையில் அதைப் புத்தகத்துக்கு ஆகாதது என்று ஒதுக்கிற்று. பழைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தவுடன் விரலில் செம்பொடி ஒட்டினால், அது ஆவாரம்பட்டையின் பொடியாகவே இருக்கலாம். வேலை செய்தவன் பெயர் மறைந்தது போதாதென்று, ஊரின் பெயரும் நாட்டின் பெயரும் மறைக்கப்பட்டன. குற்றம் மட்டும் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது.

தோலைப் பற்றிய பேச்சில் வான் கோவின் காலணி ஓவியத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1886-இல் பாரிசில் வரையப்பட்ட அந்தப் பழைய ஜோடியைக் குறித்து, 1935-இல் ஹைடெகர் ஒரு சொற்பொழிவில் அது குடியானவப் பெண்ணின் காலணி என்று கொண்டு, அவளுடைய நிலமும் நடையும் களைப்பும் அதில் திறக்கின்றன என்றார். 1968-இல் மேயர் ஷாப்பிரோ, அல்ல, அது ஓவியருடைய சொந்தக் காலணி என்று மறுத்தார். புல்ட்மனைப் படிக்கும் நம் மாணவர்கள் இவ்விவாதத்தை ஆவலோடு பின்தொடர்கின்றனர். அணிந்தவர் யார் என்பதைப் பற்றி இத்தனை எழுதினவர்கள், தைத்தவர் யார், தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து இழுத்தவர் யார் என்று கேட்கவில்லை. வாரந்தோறும் கப்பலேறும் காலணிகளை ஆம்பூரில் தைக்கிறவர்கள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள்.

மீண்டும் நூனனுக்கு வருவோம். மேசையைச் சூழ்ந்தவர்கள் டி க்ரோட் என்னும் குடும்பத்தார், கத்தோலிக்கர். அக்குளிர்காலத்தில் வான் கோ ஏறத்தாழ 40 குடியானவர் முகங்களைத் தீட்டினார். முகங்காட்டி உட்கார்ந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். பகலில் வயலில் உழைத்தவர்கள் மாலையில் அசையாமல் உட்கார்ந்து உழைத்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவ்வூர்க் கத்தோலிக்கக் குரு, தம் சபையார் ஓவியருக்கு உட்காரலாகாது என்று தடுத்தார். மறுத்தால் பணம் தருவதாகவும் சொன்னார் என்று வான் கோ எழுதுகின்றார். அக்குடும்பத்து மகள் கருவுற்றிருந்தாள், ஊர் ஓவியரைச் சந்தேகித்தது என்பது அதற்குப் பின்னணி. குருவைக் குறைகூறுவது எளிது. ஆனால் ஏழையின் முகத்தைப் படமாக்க யாருக்கு உரிமை, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்ற கேள்வியை அந்த ஊரில் வாய்விட்டுக் கேட்டவர் அவர் ஒருவரே. கேட்ட காரணம் வேறு.

இப்போது கெண்டிக்கு வருவோம். காப்பி ஒல்லாந்தில் விளையாது. ஏழைகளின் கெண்டியில் சிக்கரி மிகுந்திருக்கும் என்பது வேலூர்க் காப்பி குடிப்போருக்குத் தெரியும். எனினும் காப்பி என்றாலே ஒல்லாந்தில் ஜாவா என்று பொருள். 1830-இல் வான் டென் பாஸ் என்னும் ஆளுநர் ஜாவாவில் கட்டாயச் சாகுபடி முறையைக் கொண்டுவந்தார். கிராமத்தார் தங்கள் நிலத்தில் ஐந்திலொரு பங்கை அரசு சொல்லும் பயிருக்கு ஒதுக்கவேண்டும் என்பது ஏட்டில் இருந்த விதி. நடப்பில் அதற்கு மேலும் நிலமும் உழைப்பும் வாங்கப்பட்டன. காப்பி, கரும்பு, அவுரி ஆகியவை அரசு வைத்த விலைக்கு எடுக்கப்பட்டு ஒல்லாந்தில் ஏலம்போயின. 1831 முதல் 1877 வரை ஒல்லாந்தின் கருவூலத்துக்கு இவ்வழியில் சேர்ந்தது 80 கோடி கில்டருக்கும் மேற்பட்ட தொகை. நாட்டின் கடன் அடைந்தது, இருப்புப்பாதைகள் போடப்பட்டன. 1840-களில் மத்திய ஜாவாவில் பஞ்சம் வந்து மக்கள் மடிந்தனர். வான் கோ இறையியல் நுழைவுத் தேர்வுக்கு இலத்தீனும் கிரேக்கமும் படித்தது ஆம்ஸ்டர்டாம் கடற்படைத் தளத்தில், அதன் தலைவராயிருந்த பெரியப்பாவின் வீட்டில் தங்கி. அந்தக் கடற்படையின் பாதுகாப்பில்தான் காப்பி வந்தது.

இந்த அநியாயம் ஒல்லாந்தில் தெரியாத இரகசியம் அன்று. ஜாவாவில் லெபாக் என்னுமிடத்தில் அதிகாரியாயிருந்து 1856-இல் பதவி துறந்த ஒருவர், முல்டாட்டூலி என்ற புனைபெயரில் 1860-இல் ‘மாக்ஸ் ஹாவலார்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதில் வாவலார் என்று ஒரு போதகர் வருகின்றார். ஜாவா மக்கள் உழைப்பினாலே தேவனிடம் நடத்தப்படவேண்டும் என்பது அவருடைய பிரசங்கம். கேட்டிருக்கும் காப்பித் தரகருக்கு அது மிகவும் பிடித்துப் போகின்றது. இறையியல் கல்லூரிகளில் பிரசங்கக் கலை பயில்வோருக்கு அந்த அதிகாரத்தைப் பாடமாக வைக்கவேண்டும் என்று நான் பல முறை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காப்பியை விளைத்தவர்களுக்கும் ஒல்லாந்தின் கல்லச்சில் இடம் கிடைத்தது. ஆனால் எப்படிப்பட்ட இடம்? 1850-களில், அதே தி ஹேக் நகரில், ஒகுஸ்ட் வான் பெர்ஸ் என்னும் ஓவியரின் ‘ஒல்லாந்துக் கீழையிந்திய மாதிரிகள்’ என்ற வண்ணக் கல்லச்சுத் தொகுதி மீலிங் அச்சகத்திலிருந்து வெளியாயிற்று. வரைதிறனும் அச்சுத்திறனும் மிக உயர்ந்தவை. வான் கோவின் கரடுமுரடான கல்லச்சோடு ஒப்பிட்டால் எவரும் வான் பெர்ஸையே மெச்சுவர். விற்பவர், சுமப்பவர், பணியாளர் என்று ஆட்கள் தம் உடையோடும் கருவியோடும் நிற்கின்றனர். உடை நேர்த்தியாயிருக்கின்றது. பெயரில்லை, ‘மாதிரி’ என்பதே பெயர். களைப்பு என்பது அப்படங்களுக்குத் தெரியாத பொருள். ஒரே கல், ஒரே மை, ஒரே ஊர்: உள்நாட்டு ஏழைக்கு முகம் கிடைத்தது, குடியேற்ற நாட்டு ஏழைக்கு உடை கிடைத்தது.

இந்த முறை நமக்குப் புதிதன்று. தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் நம் வேலூரிலும் கம்பெனி அதிகாரிகளுக்காக வரையப்பட்ட சாதி-தொழில் வரிசைப் படங்களை எண்ணிப் பாருங்கள். கணவனும் மனைவியும் வெறும் பின்னணியில் நிற்பர். கையில் தொழிற்கருவி ஒன்று. குயவன், நெசவாளன், சக்கிலியன் என்று கீழே எழுதியிருக்கும். வரைந்தவர்கள் நம்மவர்களே, அழகுணர்ச்சியுடையவர்களே. ஆனால் வாங்குபவர் வேண்டியது வகை, ஆள் அன்று. வான் கோ திட்டமிட்ட 30 தொழிலாளர் படங்களும் வகைகளே என்று ஒருவர் வாதிடலாம். அது நியாயமான வாதம். இருந்தாலும் அவர் டி க்ரோட் வீட்டுக்கு எத்தனையோ மாலை போய் அமர்ந்தார். பெயர் அறிந்து வரைந்தார். வேறுபாடு வரைகோட்டில் இல்லை. போய் அமர்ந்ததில் இருக்கின்றது. லூக்கா யோப்பாவில் தோல் பதனிடுகிறவனைக் குறிப்பிடும்போது தொழிலையும் சொல்கின்றார், சீமோன் என்ற பெயரையும் சொல்கின்றார், வீடு கடலோரம் என்றும் சொல்கின்றார். பேதுரு அந்த வீட்டில் அநேக நாள் தங்கியிருந்தார்.

வான் கோவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. சொந்தக் கையால் நிலத்தைத் தோண்டியவர்கள் அதே கையால் உண்கிறார்கள், தங்கள் உணவை நேர்மையாய்ச் சம்பாதித்தார்கள் என்ற கருத்தை அவர் தம் கடிதத்தில் விளக்கினார். உள்ளத்தோடு சொன்னார். அதை எடுத்துப் பிரசங்கபீடத்தில் வைக்கும் நம்மைப் பற்றியே என் விசாரம். அறுப்பின் பண்டிகைப் பிரசங்கங்களில் இந்த ஓவியத்தைப் பற்றிய விளக்கத்தை நான் கேட்டிருக்கிறேன். நேர்மையான உழைப்பு, எளிய பந்தி, நன்றியுள்ள இருதயம் என்பதே சுருக்கம். கிழங்கைப் பற்றிச் சொல்லும்போது அது பொருந்தும். கெண்டியைப் பற்றிச் சொல்லும்போது பொருந்தாது. கெண்டிக்குள் இருப்பதை விளைத்த கைகள் அந்த மேசையில் இல்லை. அவர்கள் நேர்மையாய்ச் சம்பாதித்ததும் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. உழைப்பின் மேன்மையை மட்டும் சொல்லிக் கூலியைச் சொல்லாமல் விடும் பிரசங்கம் வாவலாரின் பிரசங்கத்துக்கு வெகு தூரத்தில் இல்லை.

நம்முடைய அச்சுத்தாள்களையும் பார்ப்போம். யூபிலி மலர்கள், நாட்காட்டிகள், வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பும் அறிக்கைகள் ஆகியவற்றில் தோல் ஷாப்பில் வேலைசெய்யும் சபையாரின் படங்கள் வருகின்றன. நன்கொடையாளர் படத்தின்கீழ் முழுப்பெயரும் பட்டமும் இருக்கும். குழியில் நிற்பவரின் படத்தின்கீழ் ‘தோல் பதனிடும் தொழிலாளி’ என்றிருக்கும். அவர் நம் சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயரோடு இருப்பவர். இது கெட்ட எண்ணத்தால் நடப்பதன்று, அப்படியே பழகிப்போனது. ஆயினும் வான் பெர்ஸின் கல்லச்சுக்கும் இதற்கும் வேறுபாடு என்னவென்று ஒரு மாணவர் வகுப்பில் கேட்டால், ஆசிரியர் சற்று யோசித்தே பதில் சொல்லவேண்டும்.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில், தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பாலாற்றுப் பகுதித் தோல் கழிவைக் குறித்து உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-இல். அதற்கு 19 ஆண்டுகளுக்குப் பின்பு இது நடந்தது. ஒல்லாந்தரின் கெண்டியில் ஜாவா எங்கே இருந்ததோ, அங்கேதான் இன்று நம் பகுதி ஏற்றுமதிக் காலணியில் அந்த வங்காளக் கிராமங்கள் இருக்கின்றன. தூரத்திலிருந்து வந்த கையை நாமும் நம் படத்தில் வரைவதில்லை.

ஆம்ஸ்டர்டாமிலுள்ள எண்ணெய் ஓவியத்தில், இடப்பக்கச் சுவரில், கடிகாரத்துக்கு அருகே, சட்டமிட்ட சிறிய படம் ஒன்று மங்கலாகத் தொங்குகின்றது. உற்றுப் பார்த்தால் சிலுவைக் காட்சி. அந்நாட்களில் பக்தியுள்ள கத்தோலிக்க ஏழைகள் ஒரு சில காசுக்கு வாங்கி மாட்டிய மலிவான அச்சுப்படங்களின் இனத்தைச் சேர்ந்தது அது. தொழிலாளரின் சுவரில் அச்சுப்படம் தொங்கவேண்டும் என்று தி ஹேக்கில் திட்டமிட்டவர், நூனன் குடிசைக்குள் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒன்று தொங்கியது. அதை அச்சிட்டவர் யாரென்று படத்தில் எழுதியிருக்கவில்லை. வான் கோ அதை விட்டுவிடாமல் வரைந்திருக்கின்றார்.